கொரிய மொழிக் கல்வியில் புதிய தொழில்நுட்பம்: கருவி எதை அளக்கிறதோ, மாணவர் அதையே படிக்கிறார்

2025 ஆகஸ்ட் 4 அன்று தென்கொரிய நாடாளுமன்றம் ஒரு சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. அந்த ஆண்டு மார்ச்சில்தான் வகுப்பறைக்குள் வந்திருந்த செயற்கை நுண்ணறிவுப் பாடநூல்கள், இந்தத் திருத்தத்தால் ‘பாடநூல்’ என்ற தகுதியை இழந்தன. பள்ளி விரும்பினால் வாங்கிக்கொள்ளலாம் என்ற அளவில் துணைக்கருவிகளாகிவிட்டன. அதே நாடுதான் வெளிநாட்டவருக்கான டோபிக் கொரிய மொழித் தேர்வைத் தாளிலிருந்து கணினிக்கு மாற்றிவருகிறது. விடைகளைக் கணினியே திருத்துவதும் திட்டத்தில் இருக்கிறது. மெய்நிகர் உலகில் கொரிய வகுப்பு, பேசிப் பழக ஏஐ ஆசிரியர் செயலி என்று அரசு சார்ந்த நிறுவனங்களே வெளியிடுகின்றன.

ஒரு பக்கம் பின்வாங்கல், மறுபக்கம் வேகம். கொரிய மொழி படிப்பவர்களுக்கும், படிக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இது குழப்பமாகத் தெரிவதில் வியப்பில்லை. இரண்டும் வேறு வேறு மாணவர்களைப் பற்றிய செய்திகள் என்று பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீதியைத் தீர்க்க, இந்த மொழியின் எந்தப் பகுதி இயந்திரத்துக்குக் கைவருகிறது, எது கைவருவதில்லை என்று பார்க்க வேண்டும்.

## யார், எதற்காகப் படிக்கிறார்கள்?

‘கொரிய மொழிக் கல்வி’ என்ற ஒரே பெயருக்குள் நான்கு தரப்பினர் இருக்கிறார்கள்.

1. தாய்மொழியாகப் படிக்கும் கொரியக் குழந்தைகள். இவர்களுக்குப் பேச்சு ஏற்கெனவே தெரியும். நீண்ட உரையை வாசிப்பதும், யோசித்து எழுதுவதும்தான் இவர்களுக்குப் பாடம்.

2. கொரியாவில் வளரும், குடியேற்றப் பின்னணி கொண்ட பிள்ளைகள். 2024-ல் பள்ளிகளில் இவர்கள் ஏறக்குறைய 1.9 லட்சம் பேர். பலர் அங்கேயே பிறந்தவர்கள். ஆனால் பத்து, பன்னிரண்டு வயதில் வந்து சேரும் பிள்ளைக்குக் கணக்கும் அறிவியலும் புரியவே முதலில் மொழி வேண்டும். இவர்களுக்கெனத் தனிக் கொரிய மொழிப் பாடத்திட்டம் 2012-ல் வந்தது.

3. வெளிநாட்டு மாணவர்களும் ஆர்வலர்களும். அரசு ஆதரவுடன் நடக்கும் கிங் செஜோங் இன்ஸ்டிடியூட் மையங்கள் 2007-ல் 3 நாடுகளில் 13 என்று தொடங்கி, 2024-ல் 88 நாடுகளில் 256 ஆகின. டோபிக் தேர்வு 1997-ல் தொடங்கியபோது சுமார் 2,700 பேர் விண்ணப்பித்தார்கள். 2023-ல் அந்த எண்ணிக்கை 4 லட்சத்தைத் தாண்டியது.

4. வேலைக்குப் போகிறவர்கள். 2004-ல் தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தின்கீழ் இலங்கை, நேபாளம், வியட்நாம் போன்ற நாடுகளிலிருந்து தொழிலாளர்கள் கொரியாவுக்குச் செல்கிறார்கள். இவர்களுக்கு இபிஎஸ்-டோபிக் என்ற தனித் தேர்வு உண்டு.

ஏஐ பாடநூல் செய்தி முதல் தரப்பைச் சார்ந்தது. டோபிக் செய்தி மூன்றாம் தரப்பைச் சார்ந்தது. ஒருவருக்குப் பொருந்தும் கருவி அடுத்தவருக்கும் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

## ஏஐ பாடநூலிலிருந்து கொரிய மொழி ஏன் விலக்கப்பட்டது?

இந்தப் பாடநூல்களின் அடிப்படை எளிது. மாணவர் ஒரு கேள்விக்கு விடை தருவார். அது சரியா தவறா, எவ்வளவு நேரம் எடுத்தார் என்பதை மென்பொருள் பதிவுசெய்து, அடுத்த கேள்வியை அவர் நிலைக்கேற்பக் கொடுக்கும். இதைத் தகவமைப்புக் கற்றல் என்பார்கள். 2023-ல் திட்டத்தை அறிவித்த கல்வி அமைச்சகம், 2025-ல் கணிதம், ஆங்கிலம், தகவலியல் ஆகிய பாடங்களில் சில வகுப்புகளுக்கு மட்டும் தொடங்கியது.

கொரிய மொழிப் பாடமும் பின்னாளில் சேரும் என்றுதான் முதலில் திட்டம். 2024 நவம்பரில் அதை அமைச்சகமே விலக்கிக்கொண்டது. பிள்ளைகளின் வாசிப்புத் திறன் குறைகிறது, திரைக்கு அடிமையாகிறார்கள் என்ற பெற்றோர், ஆசிரியர்களின் கவலை முக்கியக் காரணம். மற்ற பாடங்களுக்கும் வரவேற்பு பெரிதாக இல்லை. முதல் பருவத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பள்ளிகளே எடுத்துக்கொண்டன. பிறகு ஆகஸ்ட்டில் சட்டமே மாறியது.

தாய்மொழியை விலக்கியது சரியான முடிவு என்றே சொல்வேன். கணக்கில் ஒரு படி தவறினால் எந்தப் படி என்று மென்பொருள் கண்டுபிடிக்கும். அடுத்த பயிற்சியை அங்கிருந்து தொடங்கும். பத்துப் பக்கக் கதையை வாசித்துவிட்டு அதன் நாயகன் ஏன் அப்படி நடந்துகொண்டான் என்று யோசிக்கும் பிள்ளையிடம் அளப்பதற்கு அப்படிப்பட்ட படிகள் இல்லை. அளக்க முடியாததை மென்பொருள் கேட்காது. கேட்காததைப் பிள்ளை படிக்காது. எனவே பாடமே மெதுவாக, அளக்கக்கூடிய சின்னச் சின்னக் கேள்விகளாகச் சுருங்கும்.

இந்த விதியை மனத்தில் வைத்துக்கொண்டு மற்ற மூன்று தரப்பையும் பார்த்தால், எங்கே தொழில்நுட்பம் உண்மையில் உதவுகிறது என்பது தெளிவாகும்.

## எழுத்து எளிது, ஒலி கடினம்

கொரிய எழுத்தான ஹங்குல் 1443-ல் செஜோங் மன்னர் காலத்தில் உருவாக்கப்பட்டு 1446-ல் வெளியிடப்பட்டது. இன்று அடிப்படை மெய்கள் 14, உயிர்கள் 10. மெய்யெழுத்துகளின் வடிவம், அந்த ஒலி பிறக்கும்போது நாக்கும் உதடும் தொண்டையும் இருக்கும் நிலையைக் காட்டும்படி அமைந்தது. ஆகவே எழுத்தைக் கற்பிக்க வாயின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை அசைபடமாகக் காட்டும் செயலி எளிதில் வெற்றி பெறுகிறது. பெரும்பாலானவர்கள் சில நாட்களில் எழுத்துக்கூட்டி வாசித்துவிடுகிறார்கள்.

சொற்களை மனத்தில் பதிப்பதும் அப்படித்தான். மறக்கப்போகும் தறுவாயில் ஒரு சொல்லை மறுபடி காட்டுவது, சரியாகச் சொன்னால் அடுத்த இடைவெளியை நீட்டுவது என்ற இடைவெளி விட்டுத் திருப்பும் முறைக்கு இயந்திரத்தைவிடப் பொறுமையான ஆசிரியர் கிடையாது. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

சிக்கல் ஒலியில் தொடங்குகிறது. கொரிய மொழியில் க, த, ப, ச இனங்களுக்கு மும்மூன்று வகை உண்டு: மென்மையானது, மூச்சோடு வருவது, தொண்டையை இறுக்கிச் சொல்வது. நிலவு, முகமூடி, மகள் ஆகிய மூன்று பொருளுக்கான கொரியச் சொற்களும் முதல் மெய்யின் இந்த வேறுபாட்டால் மட்டுமே பிரிகின்றன. தமிழ் எழுத்தில் எழுதினால் மூன்றும் ‘தல்’ என்றுதான் வரும். ஆங்கில எழுத்தில் எழுதினாலும் சரியான ஒலி கிடைக்காது. இதனால்தான், வேற்றெழுத்தில் கொரியத்தை எழுதிக் காட்டும் பாடங்களை நல்ல ஆசிரியர்கள் முதல் வாரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

இங்கே தமிழருக்கு ஒரு வசதியும் ஒரு தொல்லையும் உண்டு. மென்மையான ஒலி இரண்டு உயிர்களுக்கு நடுவில் வரும்போது, நம் ‘அகம்’ என்ற சொல்லின் ககரம் தளர்வது போலவே கொரியத்திலும் தளரும். இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, வாய் தானாகச் செய்யும். தொல்லை சொல்லின் முதலில் வரும்போது. மூச்சைக் கூட்டிக் குறைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இன்றைய சியோல் இளைஞர்கள் பேச்சில் மென்மையான ஒலிக்கும் மூச்சொலிக்கும் மூச்சின் அளவில் பெரிய வேறுபாடு இல்லை. அடுத்து வரும் உயிரின் சுருதிதான் வேறுபடுகிறது: மென்மையானதற்குப் பிறகு குரல் தாழ்ந்தும், மூச்சொலிக்குப் பிறகு உயர்ந்தும் தொடங்கும். குரலின் சுருதியைக் கோடாக வரைந்து காட்டும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. தன் குரல் கோட்டையும் கொரியர் ஒருவரின் குரல் கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மாணவர், காதால் பிடிக்க முடியாததைக் கண்ணால் பிடிக்கிறார். புதிய தொழில்நுட்பம் மொழிக் கல்விக்குச் செய்திருக்கும் மிக நல்ல காரியங்களில் இதையும் வைப்பேன்.

அடுத்தது புணர்ச்சி. ‘நல்’ என்பதோடு ‘மை’ சேர்ந்தால் ‘நன்மை’ ஆகிறது. லகரம் அடுத்து வரும் மகரத்தால் மூக்கொலி ஆகிவிடுகிறது. கொரியத்திலும் இதே போக்கு உண்டு. குழம்புச் சாறுக்கான சொல்லை ‘குக்முல்’ என்று எழுதி ‘குங்முல்’ என்று சொல்வார்கள். ஆனால் தமிழ் மாறிய ஒலியை எழுதிவிடும். கொரியம் மூலச் சொல்லின் வடிவத்தை எழுத்தில் அப்படியே காப்பாற்றும். ஆகவே வாசிப்பதும் கேட்பதும் ஒத்துப்போகாமல் மாணவர் திணறுகிறார். எழுத்தை ஒலியாக்கும் மென்பொருள்கள் இப்போது இந்தப் புணர்ச்சியைச் சரியாகச் செய்வதால், எந்த வாக்கியத்தையும் உடனே கேட்டுப் பார்க்க முடிகிறது.

## பேச்சை எழுத்தாக்கும் கருவி உச்சரிப்பு ஆசிரியர் ஆகாது

பலர் செய்யும் ஒரு தவறை இங்கே விளக்க வேண்டும். கைபேசியில் கொரிய மொழியில் பேசி, அது சரியாக எழுத்தானால் உச்சரிப்பு சரி என்று நம்புகிறார்கள். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளின் நோக்கம் பேசுபவர் சொல்ல வந்ததை ஊகிப்பது. ‘இரவில் வானத்தில் ... தெரிகிறது’ என்ற வாக்கியத்தில் யாராவது நிலவுக்குப் பதில் முகமூடி என்று உச்சரித்தாலும், சூழலைப் பார்த்து அது ‘நிலவு’ என்றே எழுதிவிடும். கருவி எவ்வளவு நன்றாக ஊகிக்கிறதோ, அவ்வளவுக்கு மாணவரின் பிழையை மறைக்கிறது.

உச்சரிப்பை மதிப்பிடுவதற்கென்று செய்யப்பட்ட கருவிகள் வேறு. அவை எந்தச் சொல் வர வேண்டும் என்பதை முன்பே தெரிந்துகொண்டு, ஒவ்வோர் ஒலியும் அதற்கு எவ்வளவு நெருக்கம் என்று பார்க்கும். அது கையில் இல்லாதவர்கள், சூழல் தராமல் ஒற்றைச் சொற்களை மட்டும் சொல்லிப் பார்க்கலாம். ஊகிக்க இடமில்லாதபோது கைபேசியின் விடை ஓரளவு நேர்மையாக இருக்கும்.

## தேர்வு மாறும்போது வகுப்பு மாறுகிறது

காகிதத்தில் எழுதும் டோபிக் தேர்வில் இரண்டு தாள்கள் உண்டு. டோபிக்-1 மொத்தம் 200 மதிப்பெண்: 80 எடுத்தால் முதல் நிலை, 140 எடுத்தால் இரண்டாம் நிலை. டோபிக்-2 மொத்தம் 300: 120, 150, 190, 230 என்ற எல்லைகள் மூன்று முதல் ஆறாம் நிலைவரை தருகின்றன. முதல் தாளில் கேட்டலும் வாசித்தலும் மட்டும். இரண்டாம் தாளில் எழுதுதலும் சேரும். இரண்டிலும் பேச்சு இல்லை.

இதன் விளைவை கொரியப் பல்கலைக்கழகங்கள் நீண்டகாலமாகப் பார்த்துவருகின்றன. உயர்ந்த நிலைச் சான்றிதழோடு வரும் மாணவர் வகுப்பில் வாய் திறக்கத் தயங்குவார். அவர் சோம்பேறி இல்லை. தேர்வு கேட்டதைப் படித்தார், அவ்வளவுதான். 2022 நவம்பரில் டோபிக் பேச்சுத் தேர்வு தனியாக வந்தது. கணினி முன் அமர்ந்து, காதொலிப்பானில் கேள்வியைக் கேட்டு, ஒலிவாங்கியில் விடை பதிவு செய்ய வேண்டும். 6 கேள்விகள், சுமார் அரை மணி நேரம். 2023 இறுதியில் வழக்கமான டோபிக்கும் இணையவழியில் எழுதும் வடிவத்தைப் பெற்றது. தாள் தேர்வும் தொடர்கிறது.

கணினிக்கு மாறுவதால் உடனே தெரியும் விளைவுகள் சில:

1. கையெழுத்துக்குப் பதில் தட்டச்சு. தாள் தேர்வில் கட்டம் போட்ட தாளில், ஒரு கட்டத்துக்கு ஓர் அசை என்று எழுத வேண்டும். இப்போது கொரிய விசைப்பலகை தெரிய வேண்டும். இடக்கை மெய், வலக்கை உயிர் என்ற அமைப்பு எளியதுதான். ஆனாலும் தேர்வறையில் பழகக்கூடிய விஷயம் இல்லை.

2. திருத்தி எழுதும் வசதி. தாள் தேர்வில் கடைசிக் கட்டுரைக்கு 600 முதல் 700 எழுத்துகள், 50 மதிப்பெண். தாளில் நடுவில் ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டுமென்றால் பாதியை அழிக்க வேண்டும். கணினியில் முதலில் கருத்துகளைக் கொட்டி, பிறகு ஒழுங்குபடுத்தலாம். எழுத்தைக் கற்பிக்கும் முறையே இதனால் நல்ல திசையில் மாறும்: முழுக் கட்டுரையை மனப்பாடம் செய்வதைவிட வரைவு, திருத்தம் என்று பழக்க இடம் கிடைக்கிறது.

3. தானியங்கித் திருத்தம். ஆசிரியர்கள் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இது.

கட்டுரையைத் திருத்தும் மென்பொருள் நீளம், சொல்வளம், இணைப்புச் சொற்கள், இலக்கண வடிவங்கள் ஆகியவற்றை நன்றாகப் பிடிக்கும். கொரியம் ஒட்டுநிலை மொழி என்பதால் ஒரு சொல்லில் அடி, காலம், மரியாதை, முடிவு எல்லாம் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும். அவற்றைப் பிரித்துப் பார்க்கும் பகுப்பான்கள் இப்போது தேர்ந்துவிட்டன. திருத்தும் மென்பொருள் தடுமாறும் இடத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: கொரியத்தில் எழுவாய்க்கு ஒரு விகுதியும், ‘இதைப் பற்றித்தான் பேசுகிறேன்’ என்று காட்டும் பொருட்கூறு விகுதி ஒன்றும் உண்டு. கதையில் ‘ஒரு ராஜா இருந்தார்’ என்று முதன்முதலில் வரும்போது எழுவாய் விகுதி. ‘அந்த ராஜா...’ என்று தொடரும்போது பொருட்கூறு விகுதி. மாற்றிப் போட்டாலும் தனி வாக்கியமாக இலக்கணப் பிழை இல்லை. ஆனால் கதை கேட்பவருக்கு ஏதோ இடறும். வாக்கியம் வாக்கியமாகப் பார்க்கும் கருவி இதற்குக் குறை சொல்லாது. மாணவரும் தான் தேறிவிட்டதாகவே நினைப்பார்.

சாட்ஜிபிடி போன்ற பெரிய மொழி மாதிரிகள் முழுப் பத்தியையும் சேர்த்துப் பார்ப்பதால் இதில் முன்பைவிடத் தேவலை. ஆனால் ‘ஏன்’ என்று கேட்டால் அவை தரும் விளக்கம் சில நேரம் நம்பும்படியாகவும் தவறாகவும் ஒருசேர இருக்கிறது. திருத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள், விளக்கத்தை ஆசிரியரிடமோ நல்ல இலக்கண நூலிலோ சரிபாருங்கள் என்பதே இப்போதைக்குச் சரியான வழி.

## யாரிடம் பேசுகிறோம் என்ற கேள்வி

கொரிய மொழியின் நடுநாடி மரியாதை வடிவங்கள். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களுக்கு இது புதிய உலகம். தமிழருக்கோ ஏற்கெனவே வாயில் இருப்பதுதான்.

கொரிய வினைமுற்றில் இரண்டு தனித்தனி மரியாதைகள் ஒட்டும். ஒன்று, யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவருக்கு. இன்னொன்று, யாரிடம் பேசுகிறோமோ அவருக்கு. பேச்சுத் தமிழில் பாருங்கள்: ‘சார் வர்றாருடா’ என்று நண்பனிடம் சொல்கிறோம். வருகிறவருக்கு மரியாதை, கேட்கிறவனிடம் உரிமை. ‘பையன் வர்றானுங்க’ என்று பெரியவரிடம் சொல்கிறோம். வருகிறவனுக்கு மரியாதை தேவையில்லை, கேட்கிறவருக்கு ‘ங்க’ வந்துவிடுகிறது. கொங்குப் பக்கத்துப் பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். கொரியத்தின் அமைப்பு ஏறக்குறைய இதுவே. கேட்பவருக்கான அடுக்கு மட்டும் இன்னும் விரிந்தது: சபை நடை, பணிவான அன்றாட நடை, நெருக்கமான நடை என்று முடிவுகள் மாறும். சாப்பிடுவது, வயது போன்றவற்றுக்குச் சொல்லே வேறாகும்.

ஏஐ உரையாடல் செயலிகள் இங்கே ஒரு விசித்திரமான குறையோடு இருக்கின்றன. அவை பெரும்பாலும் பணிவான அன்றாட நடையிலேயே பேசுகின்றன. அந்த நடை பாதுகாப்பானது, யாரையும் புண்படுத்தாது. அதனாலேயே மாணவர் பல மாதம் பேசினாலும் நடை மாறும் தருணத்தைச் சந்திப்பதில்லை. இன்னொன்று, செயலிக்குக் கோபம் வராது. மேலாளரிடம் நெருக்கமான நடையில் பேசினால் கொரிய அலுவலகத்தில் முகங்கள் இறுகும். செயலியோ கேட்ட கேள்விக்கு மகிழ்ச்சியாகப் பதில் சொல்லும். கொரியத் தொடர்களைப் பார்த்தே பேசக் கற்றவர்களின் நிலை இதற்கு நேர்மாறு. காதலர்களும் நண்பர்களும் பேசும் நெருக்கமான நடை காதில் ஏறிவிட, முதல் சந்திப்பிலேயே அது நாக்கில் வந்துவிடுகிறது.

மொழிபெயர்ப்புக் கருவிகளில் நேவர் நிறுவனத்தின் பாபகோ, மரியாதை நடையைத் தேர்ந்தெடுக்க ஒரு பொத்தான் வைத்திருக்கிறது. நல்ல முயற்சி. ஆனால் யாருக்கு எந்த நடை என்ற முடிவை எடுக்க வேண்டியது மாணவர்தான். அதைத்தான் வகுப்பு கற்பிக்க வேண்டும்.

எப்படி? பணி சார்ந்த கற்பித்தல் என்று ஒரு முறை இருக்கிறது. இலக்கணத்தை விளக்கிப் பயிற்சி கொடுப்பதற்குப் பதில், முடிக்க வேண்டிய ஒரு காரியத்தைக் கொடுத்து அதற்குத் தேவையான மொழியை எடுக்க வைப்பது. 1959-ல் யோன்செய் பல்கலைக்கழகம் வெளிநாட்டவருக்கான கொரிய நிலையத்தைத் தொடங்கிய காலத்தில் கேட்டுத் திரும்பச் சொல்லும் முறைதான் மொழி வகுப்புகளில் ஓங்கியிருந்தது. 1990-ல் தொடங்கிய சொகாங் பல்கலைக்கழக நிலையம் பேச்சை மையமாக வைத்த பாடங்களுக்குப் பெயர்பெற்றது. அந்த வழியின் தொடர்ச்சிதான் பணி சார்ந்த கற்பித்தல். ஒரே செய்தி, மூன்று ஆட்கள்: ‘நாளை வர முடியாது’ என்பதை நண்பனிடம், பேராசிரியரிடம், புதிதாய் அறிமுகமான மூத்தவரிடம் சொல்லுங்கள் என்றால், மாணவர் நடையை மூன்று முறை மாற்றியே தீர வேண்டும்.

இதற்கு ஏஐ செயலியையும் பயன்படுத்தலாம், கட்டளையை மாற்றிக் கொடுத்தால். ‘நீ என் தொழிற்சாலை மேற்பார்வையாளர். என்னிடம் நெருக்கமான நடையில் பேசு. நான் பணிவு நடை தவறினால் உரையாடலை நிறுத்திச் சுட்டிக்காட்டு’ என்று சொல்லித் தொடங்கினால் அது ஓரளவு உண்மையான சூழலை உருவாக்கும். கிங் செஜோங் இன்ஸ்டிடியூட்டின் மெய்நிகர் உலக வகுப்பையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். முப்பரிமாணக் கடை, தெரு, நகரம் எல்லாம் பார்க்க அழகு. ஆனால் கடைக்காரராக எதிரில் நிற்பது இன்னொரு மனிதராக இருந்து, அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது என்ற நிலை இருந்தால்தான் பேச்சு பிறக்கும். வெறும் வேடிக்கைக்கு அந்தச் செலவு தேவையில்லை.

வீட்டில் காணொளி, வகுப்பில் பேச்சு என்ற தலைகீழ் வகுப்பு முறையும் இதனாலேயே கொரிய மொழிக்கு நன்றாகப் பொருந்துகிறது. விளக்கம் யாரும் இல்லாமல் கேட்கலாம். நடை மாற்றிப் பேச ஆள் வேண்டும்.

## தொழிலாளர்களுக்கு என்ன நடக்கிறது?

இபிஎஸ்-டோபிக் தேர்வும் கணினிக்கும் பிறகு டேப்லெட்டுக்கும் மாறிவிட்டது. கேள்விகள் கேட்டலும் வாசித்தலும்தான். விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். பேச வேண்டாம், எழுத வேண்டாம். அதற்கேற்ப பயிற்சி வகுப்புகளும் வினாத்தொகுப்பை மனப்பாடம் செய்வதாக அமைகின்றன. செயலிகளும் அதே வினாக்களைத் திரும்பத் திரும்பத் தருகின்றன.

போய்ச் சேரும் இடமோ வேறு. உல்சான், சாங்வொன், புசான் போன்ற பெரிய தொழில் நகரங்கள் இருக்கும் தென்கிழக்கில் கியோங்சாங் வட்டார வழக்கு பேசுவார்கள். அதன் ஏற்ற இறக்கம் சியோல் பேச்சிலிருந்து நன்றாகவே வேறுபடும். இயந்திரச் சத்தத்துக்கு நடுவில், நெருக்கமான நடையில், பாதி வாக்கியத்தில் கட்டளை வரும். ‘கையை எடு’, ‘நிறுத்து’, ‘விலகு’ என்பதைப் பாடநூலின் தெளிவான குரலில் மட்டும் கேட்டுப் பழகியவருக்கு அந்த ஒரு நொடித் தயக்கம் விபத்தாகலாம்.

புதிய தொழில்நுட்பம் உடனே கைகொடுக்கக்கூடிய இடம் இது என்பது என் உறுதியான கருத்து. சத்தம் கலந்த ஒலிப்பதிவு, வெவ்வேறு வட்டாரக் குரல்கள், கட்டளையைக் கேட்டதும் திரையில் சரியான செயலைச் செய்ய வைக்கும் பயிற்சி, எல்லாமே இன்று மலிவாகச் செய்யக்கூடியவை. தொழிலாளிக்குத் தன் வலியை மருத்துவரிடம் சொல்லவும், சம்பளம் வரவில்லை என்று முறையிடவும் தெரிய வேண்டும். தேர்வு இதைக் கேட்காதவரை பயிற்சி மையங்கள் தானாக முன்வந்து கற்பிக்கும் என்று எதிர்பார்ப்பது கடினம். தேர்வில் ஐந்தே ஐந்து நிமிடப் பேச்சு சேர்ந்தாலும் வகுப்புகள் மாறிவிடும்.

## தமிழ் வழியாகக் கற்றால் என்ன கிடைக்கும்?

அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிலையம், ஆங்கிலம் பேசுவோருக்குக் கொரியம் மிகக் கடினமான மொழிகளுள் ஒன்று என்று வகைப்படுத்தி, சுமார் 2,200 வகுப்பு மணி நேரம் தேவை என்கிறது. இந்த எண்ணைப் பார்த்துத் தமிழர்கள் பயப்பட வேண்டியதில்லை. கடினம் என்று அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி வாக்கிய அமைப்பு. அது நமக்குக் கடினம் இல்லை.

‘நேற்று நான் வாங்கிய புத்தகம்’ என்பதைக் கொரியத்தில் அதே வரிசையில், அதே மாதிரி பெயரெச்சம் வைத்துச் சொல்லலாம். ‘சாப்பிட்டுப் பார்’ என்று முயன்று பார்க்கச் சொல்வதற்கு அங்கும் ‘சாப்பிட்டு’ என்ற எச்சத்தோடு ‘பார்’ என்ற வினைதான் சேர்கிறது. ‘செய்து கொடு’ என்பதில் ‘கொடு’, ‘எழுதி வை’ என்பதில் ‘வை’ என்று துணைவினைகள் ஒத்துப்போகின்றன. இதனால் இரண்டு மொழிகளும் உறவு மொழிகள் என்று ஆகிவிடாது. அப்பா, அம்மா போன்ற சொற்பட்டியல்கள் இணையத்தில் சுற்றுகின்றன. மொழியியலாளர்கள் அதை உறவுக்குச் சான்றாக ஏற்பதில்லை. கற்பவருக்கு உறவு முக்கியமும் இல்லை, அமைப்பு ஒத்துப்போவதுதான் லாபம்.

ஆனால் புழக்கத்தில் உள்ள செயலிகளும் காணொளிகளும் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகக் கற்பிக்கின்றன. தமிழ் மாணவர் கொரிய வாக்கியத்தை ஆங்கிலத்துக்குத் திருப்பி, அங்கிருந்து தமிழுக்குக் கொண்டுவருகிறார். நேராக இருந்த வாக்கியம் ஒருமுறை தலைகீழாகி மறுபடி நேராகிறது. கொரிய தேசிய மொழி நிறுவனத்தின் அடிப்படை அகராதி சுமார் 50 ஆயிரம் சொற்களை 11 மொழிகளில் இலவசமாக விளக்குகிறது. வியட்நாமியம், தாய், மங்கோலியம், இந்தோனேசியம் எல்லாம் உண்டு. தமிழும் இல்லை, இந்தியும் இல்லை.

நமக்கும் உண்மையான சிக்கல்கள் உண்டு. தமிழ் வினைமுற்று வந்தான், வந்தாள், வந்தேன் என்று ஆளைக் காட்டிவிடும். கொரிய வினை காட்டாது, எழுவாயையும் அடிக்கடி விட்டுவிடும். வந்தது யார் என்பதைச் சூழலிலிருந்து எடுக்க வேண்டும். கொரியத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் கருவி இதை ஊகித்தே எழுதுகிறது. ‘நான்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘அவர்’ வந்து நிற்பது இதனால்தான். நம் பிழைகள் எவை என்று முறையாகச் சேகரித்தால்தான் நல்ல கருவி செய்ய முடியும். மாணவர்களின் எழுத்தையும் பேச்சையும் பிழைக் குறிப்போடு தொகுக்கும் வேலையைக் கொரிய தேசிய மொழி நிறுவனம் செய்துவருகிறது. கொரியாவில் படிக்கும் வெளிநாட்டவரில் சீனர்களும் வியட்நாமியர்களுமே அதிகம். ஆகவே அவர்கள் செய்யும் பிழைகளைத்தான் இன்றைய கருவிகள் நன்றாக அறிந்திருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

ஹூண்டாய் 1990-களில் வந்ததிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கொரிய நிறுவனங்கள் பெருகியிருக்கின்றன. சென்னையில் 2006 முதல் இந்திய-கொரியப் பண்பாட்டு மையமான இன்கோ சென்டர் இயங்குகிறது. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை, உயர்நிலைப் பள்ளியில் கற்பிக்கக்கூடிய வெளிநாட்டு மொழிகளின் பட்டியலில் கொரியத்தையும் குறிப்பிட்டது. ஆட்களும் தேவையும் இருக்கின்றன. தமிழ் வழியாக விளக்கும் இலக்கணம், தமிழ் மாணவர்களின் பிழைத் தொகுப்பு, ‘ங்க’வையும் ‘டா’வையும் வைத்து மரியாதை நடையைக் கற்பிக்கும் பாடங்கள் ஆகியவற்றை இங்குள்ள ஆசிரியர்கள் ஒன்றுகூடி எழுதலாம். அதுவரை, ஏஐ கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் ஒரு சிறிய மாற்றத்தை இன்றே செய்யலாம்: விளக்கத்தை ஆங்கிலத்தில் கேட்காமல், ‘ஒவ்வொரு விகுதிக்கும் நேரான தமிழ் விகுதியைக் காட்டு, வாக்கிய வரிசையை மாற்றாதே’ என்று தமிழிலேயே கேளுங்கள். வரும் விடையைக் கொரியம் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகு குறிப்பேட்டில் எழுதுங்கள்.